களியை விட்ட மூன்று நாளும் அந்த 2 லிட்டரும்

பெருங்குடலில் கட்டி, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று தருமபுரியில் டாக்டர் சொன்னார். எனக்கு ஆபரேஷன் பயம் மட்டும்தான் இருந்தது. அதற்கு முந்தைய நாள் எப்படிப் போகும் என்று யாரும் விவரமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குள் குடல் காலியாகிச் சுத்தமாக வேண்டும் என்று மூன்று நாள் முன்பே நார்ச்சத்தை நிறுத்தச் சொன்னார்கள். பாலக்கோட்டுக்காரனுக்கு அது லேசில்லை. ராகிக் களி, கீரை, விதையோடு தக்காளி, கொய்யா எல்லாம் போச்சு. குழைந்த வெள்ளைச்சோறும் மோரும் இட்லியும்தான்.

முந்தின நாளே அட்மிட் ஆகிவிட்டேன். பேதி மருந்தை வீட்டில் குடித்துவிட்டு பஸ் ஏறுவது நடக்கிற காரியமில்லை. அன்று வெறும் திரவம்: இளநீர், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், பால் சேர்க்காத டீ. மத்தியானம் ஒரு பாக்கெட் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்துக்கு 250 மில்லி. உப்புக் கரித்தது, நாலாவது டம்ளரில் வாந்தி வந்துவிட்டது. "அரை மணி நேரம் விடுங்கண்ணா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்றார் சிஸ்டர். மீதியை ஜில்லென்று ஆக்கி, ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். அது இறங்கியது. இடையிடையே ஓஆர்எஸ்ஸும் குடித்தேன்; இல்லாவிட்டால் தலை சுற்றியிருக்கும். ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னாள் என் தங்கச்சி. பத்துப் பதினைந்து தடவை போய்வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அன்றே ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் மூன்று வேளை விழுங்க வேண்டியிருந்தது. வயிறுதான் காலியாகிறதே, இது எதற்கு என்று டாக்டரிடம் கேட்டேன். மலம் போனாலும் குடல் சுவரில் கிருமி மிச்சமிருக்கும், வெறுமனே கழுவுவதால் மட்டும் காயத்தில் சீழ் பிடிப்பது குறைவதில்லை, மாத்திரையும் சேர்ந்தால்தான் பலன் என்றார். வாந்தியோடு மாத்திரையும் வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் சொன்னார். என் சர்க்கரை மாத்திரையை அன்று எப்படிப் போடுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன்.

ராத்திரி பத்து மணிக்குக் கலங்கலாகத்தான் போனது. சிஸ்டர் வந்து பார்த்து, இன்னும் தெளியணும் என்றார். ஒரு மணிக்கு மேல் இளமஞ்சள் நீர் மட்டும் வந்தது. விடிந்ததும் ஸ்ட்ரெச்சர் வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, அம்மா சின்ன உருண்டையாகக் களி கிண்டிக் கொடுத்தாள்.