எஸ்இலினக்ஸ் பாலிசி: மறுத்தது, ஆனால் பதிவில் இல்லை

டீமனுக்கு (பின்னணியில் ஓடும் நிரல்) எஸ்இலினக்ஸ் பாலிசி, அதாவது லினக்ஸில் எந்த நிரல் எதைத் தொடலாம் என்ற விதிகள், எழுத ஆனது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் தப்பான லேபிளிலும் (கோப்பின் வகையைச் சொல்லும் எஸ்இலினக்ஸ் குறி) பதிவுக்கே வராத மறுப்புகளிலும் போனது.

தொடக்கம் சுலபம். செபாலிசி ஜெனரேட் --இனிட் கட்டளைக்கு பைனரியின் பாதையைக் கொடுத்தால் டிஇ (விதிகள்), எஃப்சி (கோப்பு லேபிள்கள்), ஐஎஃப் (மற்ற பாலிசிகளுக்கான இடைமுகம்) கோப்புகளும் ஏற்றுவதற்கான ஸ்கிரிப்டும் வந்துவிடும். டிஇ கோப்பில் டொமைனை (டீமன் ஓடும் எஸ்இலினக்ஸ் வகை) பெர்மிசிவ் ஆக்கும் வரி ஒன்று இருக்கும். கடைசியில் அதை எடுக்காவிட்டால் பாலிசி எதையும் தடுக்காது, பதிவு மட்டுமே செய்யும்.

முதல் சோதனையே வீண். டீமனை ஷெல்லிலிருந்து நேரடியாக ஓட்டினால் அது கட்டுப்பாடில்லாத டொமைனான அன்கன்ஃபைன்ட்_டி-யிலேயே ஓடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் வழியாகத் தொடங்குங்கள். பிஎஸ் -ஈஇசட் வெளியீட்டில் உங்கள் டொமைன் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே போங்கள்.

அடுத்து எம்வி (கோப்பை நகர்த்தும் கட்டளை). ஹோமில் திருத்திய கான்ஃபிக்கை எம்வி செய்தால் யூசர்_ஹோம்_டி லேபிளும் கூடவே வரும். மறுப்புப் பதிவிலிருந்து விதி எழுதும் ஆடிட்2அலௌ இதைப் பார்த்துவிட்டு, டீமன் ஹோம் கோப்புகளைப் படிக்கலாம் என்று விதி எழுதித் தருகிறது. தயவுசெய்து ஏற்றாதீர்கள்! லேபிளைச் சரியாக்கும் ரீஸ்டோர்கான் -வி ஒன்று போதும். டிஏசி_ஓவர்ரைட் (வழக்கமான கோப்பு அனுமதிகளை மீறும் உரிமை) கேட்டாலும் இதே எச்சரிக்கைதான்: பெரும்பாலும் ரூட்டாக ஓடும் டீமன், வேறு யூசருக்குச் சொந்தமான 0600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுதக்கூடிய) கோப்பைத் தொட்டிருக்கும். உரிமையாளரைச் சரிசெய்யுங்கள்.

உண்மையான தலைவலி பெர்மிசிவ் வரியை எடுத்த பிறகு வந்தது. சர்வீஸ் உடனே விழுந்தது. ஆடிட் பதிவைத் தேடும் ஆசர்ச்சில் ஒரு ஏவிசி-கூட (மறுப்புப் பதிவு) இல்லை. டோன்ட்ஆடிட் விதிகள்தான் (இந்த மறுப்பைப் பதியாதே என்பவை) மறைத்திருந்தன, பெர்மிசிவிலும் அவை மறைக்கும். அவற்றை அணைக்கும் செமாட்யூல் -டிபி (இரண்டும் பெரிய எழுத்து) போட்டதும் மறுப்புகள் கொட்டின. நோஅட்செக்யூர், ஆர்லிமிட்இன்ஹ், சிக்இன்ஹ் மூன்றும் வெறும் இரைச்சல், விட்டுவிடலாம். அவற்றுக்கு நடுவே டைரக்டரி ஒன்றின் மீது சர்ச் (அதன் வழியே உள்ளே போகும் அனுமதி) மறுப்பு. அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சர்வீஸ் எழுந்து நின்றது. பிறகு செமாட்யூல் -பி (பெரிய எழுத்து) போட்டு டோன்ட்ஆடிட்டைத் திருப்பி வையுங்கள்.

இன்னொன்று: ஆசர்ச்சில் -டிஎஸ் ரீசன்ட் என்றால் கடைசி 10 நிமிடம் மட்டுமே. அந்த வெளியீட்டை ஆடிட்2அலௌ -எம்-இல் (பெரிய எழுத்து) பழைய பெயரிலேயே மாட்யூலாக்கி ஏற்றினால், முந்தைய மாட்யூல் போய் அதன் விதிகளும் மறைந்துவிடும். நேற்று ஓடியது இன்று ஏன் மறுக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். புதிய விதிகளை டிஇ கோப்பில் கையால் சேர்த்து, அதையே மறுபடி கம்பைல் செய்யுங்கள்.