குளக்கட்டில் நம் புவியியல் சேர்

சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய ஏ. ரி. ஆரியரத்ன 2024 ஏப்ரலில் தமது 92ஆவது வயதில் காலமான செய்தியை ரொறன்ரோவில் வாசித்ததிலிருந்து எனக்கு நம் புவியியல் சேரின் நினைப்பாகவே இருக்கிறது. நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கட்டுரை கேட்டபோது வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்த ஆரியரத்ன, தம் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவக் கிராமத்துக்குக் கூட்டிப்போய் ஊராரோடு சேர்ந்து வேலை செய்யவைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. நாலந்தாப் பிள்ளைகளால் முடிந்தது நம் பம்பலப்பிட்டிப் பிள்ளைகளாலும் முடியும் என்று சேர் அடிக்கடி சொல்வார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி, கொழும்பில் பாண் கியூ நீண்டிருந்த காலம். ஆகஸ்ட் விடுமுறையில் கோட்டை ஸ்ரேஷனில் இரவு மெயில் ஏறி, வவுனியாவில் இறங்கி, உழவு மிசின் பெட்டியில் குலுங்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனோம். இறங்குவதற்கு முன் சேர் ஒன்றே ஒன்று சொன்னார்: "டேய், உதவி செய்ய வந்தனாங்கள் எண்டு ஒருத்தனும் வாய் திறக்கப்படாது. இவையிட்ட வேலை பழக வந்திருக்கிறம்."

நாங்கள் போனபோது வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மாரிமழைக்கு முன் குளக்கட்டைத் திருத்துவது அந்த ஊரில் வருடா வருடம் நடப்பது, அதற்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வயல் அளவுக்கு ஏற்றபடி குளக்கட்டைக் கயிறு பிடித்து அளந்து, வீட்டுக்கு வீடு பங்கு பிரித்திருந்தார்கள். ஒரு வயோதிப அம்மாவின் பங்கும் அதில் இருந்தது, அவருக்குச் செய்து கொடுக்க வீட்டில் ஆளில்லை. அந்தப் பங்கை முடித்த பிறகுதான் மற்றவர்கள் தங்கள் பங்கில் மண்வெட்டி வைத்தார்கள். இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசவுமில்லை, அந்த அம்மா யாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரியவுமில்லை. தாச்சியில் மண் சுமந்தவர்களுக்கு அவர் தண்ணீர் வார்த்தார், சரி, அது அவருடைய பங்கு.

சேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார். வற்றிய குளத்துக்குள்ளேயே ஏன் மண் வெட்டுகிறார்கள் என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். பக்கத்தில் நின்ற எங்கள் வயதுப் பெடியன் ஒருவன், கட்டும் உயரும், குளமும் ஆழமாகும் என்று சொல்லிவிட்டுத் தாச்சியைத் தூக்கிக்கொண்டு போனான். சேரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை, நம் பரீட்சை முடிவுகளுக்குக்கூட நான் கண்டதில்லை. மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இறுக்கி, அதன்மேல் அடுத்த படை. கறையான் புற்றைத் தோண்டி எடுக்காமல் மேலே மண் போட்டால் மாரியில் அந்த இடத்தால்தான் தண்ணீர் கசியும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மத்தியானம் குளக்கட்டுப் பிள்ளையாரடியில் எல்லோருக்கும் குரக்கன் புட்டும் பூசணிக்காய்க் கறியும். தங்களுக்கே மட்டுமட்டாக இருந்ததைத்தான் எங்களோடு பகிர்ந்தார்கள் என்று சேர் ரயிலில் திரும்பும்போது சொன்னார், அதற்குப் பிறகு கோட்டை வரை யாரும் அதிகம் பேசவில்லை.

83 கலவரத்துக்குப் பிறகு நாம் திக்குத்திக்காகப் போனோம். சேர் போகவில்லை. கடைசிவரை விடுமுறைக்கு விடுமுறை யாராவது நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு எங்கேயாவது ஒரு ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாராம். நாங்கள் மண் சுமந்த அந்த ஊரும் போரில் இடம்பெயர்ந்து பிறகு மீளக் குடியேறியது. திரும்பிப் போனவர்கள் வீட்டுக்கூரையைப் பார்ப்பதற்கு முன் குளக்கட்டில் இறங்கினார்கள் என்று நம் வகுப்பு நண்பன் ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அப்போது நானும் காசு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது. ஆனால் சேர் பழக்கிவிட்டது காசு அனுப்புவதையல்ல என்ற எண்ணம் இன்றும் என்னை விடுவதில்லை.

சங்கம் இந்த வருடமும் கல்லூரிக்கு நிதி சேர்க்கிறது, நல்லது, கொடுப்போம். கூடவே ஒரு வேண்டுகோள்: ஆகஸ்ட்டில் ஊருக்குப் போகிறவர்கள், இப்போது படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் போய்வர வேண்டும். முழங்கால் நோகிறவர்கள் தண்ணீர் வார்க்கலாம். செயலாளரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.