பிஎஸ்எல்இ கணக்கு: மகளோடு உட்கார்ந்த ஒரு வருடம்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6-ன் முடிவில் பிள்ளைகள் எழுதும் தேர்வுதான் பிஎஸ்எல்இ. என் மகள் தொடக்கநிலை 6-க்குப் போனதும், கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை என்று வீட்டில் முடிவானது. நான் தமிழ்நாட்டில் படித்தவன், கணக்கு எனக்குப் பிடித்த பாடம். ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். முதல் வாரமே அவள் அழுதாள்.

அன்று வந்த கணக்கு இதுதான். ஒரு பெண் சனிக்கிழமை ஒரு புத்தகத்தின் 5-ல் 2 பங்கைப் படிக்கிறாள். மீதி உள்ளதில் 3-ல் 1 பங்கை ஞாயிற்றுக்கிழமை படிக்கிறாள். இன்னும் 48 பக்கங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் மொத்தம் எத்தனை பக்கம்? நான் உடனே எக்ஸ் என்று வைத்துக்கொண்டு சமன்பாடு எழுத ஆரம்பித்தேன். “அப்பா, எங்க டீச்சர் இப்படிச் சொல்லித் தரலை” என்றாள். “இதுதான் சுலபம்மா, பாரு” என்று நான் விடவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குக் கோபம் வந்தது, புத்தகத்தை மூடிவிட்டோம்.

மறுநாள் நான் பேனாவைத் தொடவில்லை. “உனக்குத் தெரிந்த மாதிரி செய், செய்யும்போதே எனக்குச் சொல்லிக்கொண்டே வா” என்றேன். அவள் 5 கட்டம் போட்டு 2 கட்டத்தை நிழலிட்டாள். அதுவரை சரி. அப்புறம் தனியாக இன்னொரு பட்டை வரைந்து, அதை மூன்றாகப் பிரித்து ஒன்றை நிழலிட்டாள். அதாவது, மொத்தப் புத்தகத்திலிருந்தே 3-ல் 1 பங்கை எடுக்கிறாள். அவள் வழியில் போனால் 180 பக்கம் என்று விடை வரும். முழு எண்ணாக வருவதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. “மீதி எங்கே இருக்கிறது, படத்தில் காட்டு” என்று மட்டும் கேட்டேன். நிழலிடாத 3 கட்டத்தைக் காட்டினாள். ஒரு நொடி பேசாமல் இருந்தாள். “ஓ, அதில் ஒரு கட்டம்தான்!” மிச்சம் 2 கட்டம் 48 என்றால் ஒரு கட்டம் 24, மொத்தம் 120. அவளே முடித்தாள்.

அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. ‘மீதியில்’ என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறாள். நான் எத்தனை சமன்பாடு எழுதியிருந்தாலும் அது எனக்குத் தெரியவந்திருக்காது. இங்கே பள்ளிகளில் பட்டை வரைந்து செய்யும் இந்த ‘மாடல்’ முறையைச் சின்ன வகுப்பிலிருந்தே பழக்குகிறார்கள். வேறு ஊரில் படித்த பெற்றோர் முதலில் அதைப் பிள்ளையிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். எக்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது.

அதன்பிறகு ஒரு நோட்டுப்புத்தகம் வைத்தோம். திருத்தி வந்த தாள்களில் போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் எழுதுவது. புரியவில்லை, தவறாக வாசித்தேன், கூட்டல் பெருக்கலில் பிசகு, நேரம் போதவில்லை என்று நான்கே வகை. காரணத்தை அவள்தான் எழுத வேண்டும், அவள் வார்த்தையில். ‘கவனக்குறைவு’ என்று எழுத நான் அனுமதிக்கவில்லை. அந்தச் சொல்லை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. ‘கிராமை கிலோவாக மாற்ற மறந்தேன்’ என்றால் அடுத்த தடவை என்ன பார்க்க வேண்டும் என்று தெரியும். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் வாசிப்பிலும் பிசகிலும் போவது தெரிந்தது. அதுவரை கடினமான கணக்குகளாகத் தேடித்தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 முதல் ஏஎல் (அடைவுநிலை) முறை: ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு நிலை, 1-தான் மிக உயர்ந்தது. 90-ம் அதற்கு மேலும் ஏஎல் 1, 85 முதல் 89 வரை ஏஎல் 2. ஆனால் கீழே வரவர இடைவெளி அகலம்: 65 முதல் 74 வரை ஏஎல் 5, 45 முதல் 64 வரை ஏஎல் 6. 62 வாங்கும் பிள்ளைக்கு இன்னும் 3 மதிப்பெண் கிடைத்தால் ஒரு நிலை மேலே போகலாம். அந்த மூன்றைக் கடைசி 5 மதிப்பெண் கணக்கில் தேட வேண்டாம். முதல் தாளின் 1, 2 மதிப்பெண் கேள்விகளிலும், நீண்ட கணக்குகளின் முதல் பகுதியிலும் அவை சும்மா கிடக்கின்றன. விடை தவறானாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், இரண்டாம் தாளில் எதையும் வெறுமையாக விடக் கூடாது.

முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. அதற்குத் தினமும் 10 நிமிடம் கைக்கணக்கு போட்டாலே போதும், பின்னமும் தசமமும் முக்கியம். இரண்டாம் தாளில் கால்குலேட்டர் உண்டு, ஆனால் தட்டுவதற்கு முன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று வாயால் சொல்ல வைத்தேன். அங்கீகரிக்கப்பட்ட கால்குலேட்டர்தானா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பழைய வினாத்தாள்களை வாங்கிக் குவிப்பவர்களுக்கு ஒன்று: புதிய பாடத்திட்டம் 2026-ல் தொடக்கநிலை 6-ஐ எட்டுகிறது. அதில் ‘வேகம்’ உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது. பழைய தாள்களில் உள்ள வேகக் கணக்குகளை விட்டுவிடுங்கள். என் மகள் எழுதியபோது முதல் தாள் 45, இரண்டாம் தாள் 55 மதிப்பெண். உங்கள் பிள்ளைக்கு எப்படி என்பதைத் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள்.

2021-ல் வந்த நாணயக் கணக்கு நினைவிருக்கும். பல பிள்ளைகள் அழுதார்கள். இருவரிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள். ஒருவரிடம் 20 காசு 64, மற்றவரிடம் 104, மற்றதெல்லாம் 50 காசு. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? 50 காசு எத்தனை என்று சொல்லவே இல்லை. அது தேவையும் இல்லை. 40 நாணயங்கள் மட்டும் மாறியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 30 காசு வித்தியாசம், ஆக 20 காசு குறைவாக வைத்திருப்பவரிடம் 12 வெள்ளி (டாலர்) அதிகம். இதை வீட்டில் உண்மையான நாணயங்களை வைத்துச் செய்தோம். ‘சொல்லாததைத் தேடாதே, எது மாறியது என்று பார்’ என்று அவளே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

துணைப்பாட வகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவளும் சில மாதம் போனாள். ஆனால் 20 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவள் எந்தச் சொல்லில் தடுக்கினாள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அதை வீட்டில்தான் கேட்க முடியும். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு.

கணக்குத் தேர்வு முடிந்து வந்த அன்று, கடைசிக் கேள்வி என்ன ஆனது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அடுத்தது தமிழ்த் தேர்வு. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினாள், பிறகு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.