தைலம் காய்ச்சுகிறவர் மகன்

"அப்ப எங்கப்பா செய்யறது தப்பா சார்?"

ஒன்பதாம் வகுப்பு, கடைசி பீரியட். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் கேட்பார்களே, அப்படித்தான் கேட்டான். இரண்டு வருடம் ஆகிறது.

அன்று பருவநிலை மாற்றம் நடத்தினேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஹவாயில் 1958 முதல் அளந்துவருகிறார்கள் என்று சொல்லி, ஏறும் கோட்டைப் போர்டில் போட்டேன். பிள்ளைகள் பேசாமல் எழுதிக்கொண்டார்கள். ஹவாய்க் கோடு நம் நீலகிரி மலைக்கு இறங்கி வந்தால்தான் மனதில் நிற்கும் என்று தோன்றியது. அப்படி நினைத்ததைத் தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சரிவு முழுக்கக் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். வெள்ளைக்காரர்கள் 1840-களில் கொண்டுவந்து, விறகுக்காக நட்டுப் பெருக்கியது, புல்வெளியை மூடியது, தண்ணீரை உறிஞ்சுவது எல்லாம் சொன்னேன். எங்கும் மரம் நடுவது நல்லதல்ல, இங்கே புல்லும் சோலையும்தான் மழையைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுகின்றன, புல்வெளி மண்ணே கார்பனைச் சேர்த்துவைக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த மரம் போனாத்தான் மலை பிழைக்கும்" என்றேன். அது பாடத்தில் இல்லை, என் வாயில் வந்தது.

அவன் அப்பா தைலம் காய்ச்சுகிறவர். அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கு வருகிறேன். அந்தக் கற்பூர மரத்தின் உதிர்ந்த இலையைச் செம்பு அண்டாவில் மிதித்து மிதித்து அடைத்து, மூடி விளிம்பில் களிமண் பூசி, கீழே தீ மூட்டுவார். ஆவி, குழாய் வழியாக ஓடைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குளிர்ந்து வாளியில் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். வாலை வடித்தல் பாடத்துக்கு நான் புத்தகப் படத்தைத்தான் வரைந்தேன். இவனை எழுப்பி விளக்கச் சொல்லத் தோன்றவில்லை.

"அப்பாவைச் சொல்லலப்பா, மரத்தைத்தான் சொன்னேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டான். மணி அடித்தது.

சொன்னது உண்மைதான். அயல் தாவரங்களை அகற்ற அரசே 2022-ல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. பிள்ளை மனம் நோகும் என்று அறிவியலை மறைக்க முடியுமா? ஆனால் தேயிலையும் இங்கே சோலையையும் புல்வெளியையும் தின்றுதான் வந்தது. "தேயிலை போனாத்தான் மலை பிழைக்கும்" என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தேயிலைத் தோட்டம். பச்சைத் தேயிலை விலை இறங்கினால் அவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தைலம் காய்ச்சுகிற வீடு ஒன்றே ஒன்று.

அவர் மரம் நட்டவரில்லை, உதிர்ந்ததைப் பொறுக்குகிறவர் என்று சொல்லியிருக்கலாம். அடுப்புக்கு விறகும் எரிகிறதே, அதையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்? இரண்டையும் சொல்லி, அவனையே அந்தக் கணக்கைப் போடச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் வேறு பாடம்.

அரையாண்டுத் தேர்வில் அயல் மரங்களின் தீமைகள் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி, நான் எடுத்த வினாத்தாள்தான். அவன் விடையில் ஒரு சொல் பிசகில்லை. கடைசி வரி: 'இந்த மரம் போனால்தான் மலை பிழைக்கும்.' அடிக்கோடிட்டிருந்தான்.

ஐந்துக்கு ஐந்து போட்டேன்.