அங்கே ஓட்டு, இங்கே ஓவர்டைம் கட்

2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்தபோது திருப்பூரில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டிரம்ப் ஜெயித்தார், செனட்டும் பிரதிநிதிகள் சபையும்கூட குடியரசுக் கட்சி கைக்குப் போனது. "சீனாவுக்கு வரி போட்டா ஆர்டர் நம்மூருக்கு வருமுங்க" என்றார் பக்கத்திலிருந்த அண்ணன். நானும் நம்பினேன்.

நடந்தது வேறு. 2025 ஆகஸ்ட் 7இல் நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27ஆம் தேதியிலிருந்து மொத்தம் 50. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20தான். பனியன் தொழிலில் ஒரு பீஸுக்கு நாலைந்து ரூபாய்க்கே மல்லுக்கட்டுகிறவர்கள் நாம், இந்த இடைவெளியை எந்த முதலாளி எங்கிருந்து ஈடுகட்டுவார்? எங்கள் யூனிட்டில் பேக் செய்த பெட்டிகளைப் பையர் நிறுத்தி வைக்கச் சொன்னார், முதல் வேலையாக ஓவர்டைம் நின்றது, அப்புறம் செக்கிங்கில் இருந்த அக்காமார்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை ஆகஸ்ட் 19 முதல் தற்காலிகமாக நீக்கியது. மில்லுக்கு நல்லது, சரி. பருத்தி போட்ட விவசாயிக்கு?

பிரிட்டனில் 2024 ஜூலையில் 14 வருடக் கன்சர்வேட்டிவ் ஆட்சி போய் லேபர் வந்தது, ஆனாலும் இந்தியாவுடனான வர்த்தகப் பேச்சுவார்த்தை முறியவில்லை, 2025 ஜூலை 24இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியும் திமுக கூட்டணிக்கே போனது. இங்கே ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் அடுத்த முறை இந்த வரிக் கணக்கைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.