சின்னம்மாவின் தந்தச் சிமிழ்

இலண்டனுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பழம்பொருட்கள் விற்கும் சிறிய கடையொன்றில் பொருட்களைத் துடைத்து விலைச்சீட்டு ஒட்டுவது. அங்கே நான் முதலில் பழகியது, தந்தத்தை எலும்பிலிருந்து பிரித்தறிவதைத்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் ஊசி குத்தியதுபோன்ற கரும்புள்ளிகள் தெரியும். யானைத் தந்தத்தின் வெட்டுமுகத்திலோ பாய் இழைகளைப்போல மெல்லிய கோடுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும்.

ஐக்கிய இராச்சியத்தின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. விதிவிலக்குப் பெறாத ஒரு பொருளில் யானைத் தந்தம் இருந்தால், அது எவ்வளவு பழையதானாலும், அதை விற்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, வாடகைக்கு விடுவதும் விற்பனைக்கென்று விளம்பரம் செய்வதும்கூடக் குற்றம். 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 1947 மார்ச் 3ஆம் திகதிக்கு முன் செய்யப்பட்ட பொருளில் தந்தம் கனவளவில் 10 வீதத்திற்குக் குறைவாகவும் எளிதில் கழற்ற முடியாதவாறும் அமைந்திருந்தால், 20 பவுண் கட்டிப் பதிவுசெய்து விற்கலாம். 1975ஆம் ஆண்டுக்கு முந்திய இசைக்கருவிகளுக்கு அந்த அளவு 20 வீதம். கனவளவு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் சென்றன. மூடி முழுவதும் தந்தப் பூக்கள் பதித்த கருங்காலிப் பெட்டி, அந்தத் தகடுகள் வெற்றிலையளவு மெல்லியவை என்பதால் தப்பிவிடும். தந்தப் பிடி போட்ட சிறிய மேசைக்கத்தி தப்பாது.

சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது, சின்னம்மா அலுமாரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய குங்குமச் சிமிழொன்றை எடுத்துவந்தார்.

“பிள்ளை, இதை அங்கை வித்தால் நல்ல விலை போகுமெண்டு சொல்லுகினம். மாரிக்கு முந்தி ஓடு மாத்த வேணும்.”

விறாந்தை வெளிச்சத்தில் சிமிழைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அதே கோடுகள். முழுவதும் தந்தம். இத்தகைய பொருளை அங்கே விற்பதென்றால், அது 1918ஆம் ஆண்டுக்கு முந்தியதாகவும், கலை அல்லது வரலாற்றுச் சிறப்பு மிக உயர்ந்ததாகவும் இருந்து, 250 பவுண் கட்டணத்துடன் சான்றிதழ் பெறவேண்டும். வீட்டுப் பாவனைக்குச் செய்த சிமிழுக்கு அது கிடைக்கப்போவதில்லை. மேலும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கை (CITES) ஆசிய யானையை மிகக் கடுமையான முதற் பட்டியலில் வைத்திருப்பதால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் பயணப்பெட்டியில் வைத்துக்கொண்டு போகவும் முடியாது.

“செத்த யானை செத்ததுதானே. இது என்ரை அம்மம்மா காலத்துச் சாமான்,” என்றார் சின்னம்மா.

கடையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நேற்று வெட்டிய தந்தத்தையும் சாயமேற்றிப் பழையதென்று விற்க முடியும். பழையதற்குச் சந்தை இருக்கும்வரை புதியதும் அதன் நிழலிலேயே நுழையும். 2016 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் நொறுக்கி அழிக்கப்பட்ட தந்தங்கள், ஆபிரிக்காவிலிருந்து நம் துறைமுகம் வழியாகக் கடத்தப்பட்டபோது பிடிபட்டவை என்பதையும் அவருக்குச் சொன்னேன். ஆனையிறவு என்ற பெயரைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் களப்பின் வழியே நடத்திவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் அத்துறையை யானைகளின் துறை என்றே அழைத்தார்கள். எங்கள் மண் இந்த வியாபாரத்துக்குப் புதியதல்ல என்பதனால்தான், அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அப்ப உன்ரை மகளுக்குக் குடுக்கலாமோ?”

வைத்திருப்பதையும் அன்பளிப்பாகக் கொடுப்பதையும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கடல்கடந்து கொண்டுபோவதற்கு இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும் என்று விளக்கினேன். ஓட்டுக்கான காசை நான் அனுப்புவதாகவும் சொன்னேன். சின்னம்மா சிமிழின் மூடியைத் திறந்தார். மூடியின் புரியில் பழைய குங்குமம் கறுத்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே மூடித் துணியில் சுற்றி, “அவள் இஞ்சை வரேக்கை பாக்கட்டும்,” என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தார்.