மேகமலை இறக்கத்தில் ஸ்பெஷல் கியர் சிக்கிய கதை

மேகமலையில் இருக்கிற ஹைவேவிஸ் என்ற ஊரோடு ஜீப்பைத் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. மணலாறு, வெண்ணியாறு தாண்டி இரவங்கலாறு வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றான். முந்தின நாள் மழையில் தேயிலைத் தோட்டப் பாதை ஊறிப்போய் கல்லும் சேறுமாகக் கிடந்தது. ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்ததும், மெயின் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ராடைத் தட்டி, நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற ஃபோர் வீலில் போட்டேன். நம்மூர் ஜீப்காரர்கள் ஸ்பெஷல் கியர் என்று சொல்வது இதைத்தான். வண்டி குரங்கு மாதிரி ஏறி வந்தது, எனக்கும் கொஞ்சம் திமிர் ஏறியது.

திரும்பி வரும்போது ஹைவேவிஸில் டீ குடித்தோம், போட்டோ எடுத்தோம், எல்லாம் செய்தோம், அந்த ராடைப் பழையபடி டூ வீலுக்குக் கொண்டுவர மட்டும் மறந்துவிட்டேன். ஃபோர் வீலில் இருக்கிறது என்று காட்டுகிற விளக்கு அந்தப் பழைய ஜீப்பில் எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது.

கீழே இறங்க 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூவின் பெயர் எழுதியிருக்கும், அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே மச்சான் வந்தான். இரண்டாவது வளைவிலேயே ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிதானே என்று விட்டுவிட்டேன். நாலாவது வளைவில் டயர் கீச்சிட்டது. அடுத்ததில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திணறி, பிறகு ஒரு துள்ளு துள்ளியது. அப்போதுதான் ராடு ஞாபகம் வந்தது.

ஓரம் கட்டி இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு கையால் இழுத்தேன். மச்சான் காலைத் தூக்கி உதைக்கப் போனான், நல்லவேளை தடுத்துவிட்டேன், உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க் வளைந்திருந்தால் வண்டியைக் கயிறு கட்டித்தான் இறக்கியிருக்க வேண்டும்.

ஏன் சிக்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளைவில் நாலு சக்கரமும் நாலு வட்டம் போடுகின்றன. இடது வலது வித்தியாசத்தை முன்னும் பின்னும் இருக்கிற டிஃப்ரன்ஷியல்கள், அதாவது இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்புகள், பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்த மாதிரி வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும், நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் எப்போதும் கூடுதல் தூரம் போகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடும், தார் ரோடு விடாது. அதனால் ஈரத்துணியைப் பிழிவது போல ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போய், இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள், ராடோடு நகர வேண்டிய காலர் என்ற பல் வளையத்தின் பற்களை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. இடப்பக்க வளைவில் ஏறிய முறுக்கு வலப்பக்க வளைவில் இறங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்சக்கரம்தான் அதிகம் ஓடுகிறது, முறுக்கும் ஒரே திசையில்தான் ஏறும்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்ட ஜீப் ஒன்று மேலே ஏறி வந்தது. டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். இறங்கிக்கூட வரவில்லை. "தம்பி, தார்ல ஸ்பெஷல் போட்டு வந்தீகளா?" என்றார். ஆமாம்ணே என்றேன். "இழுக்காதீக. வந்த வளைவிலயே ஸ்டியரிங்கை அப்படியே வச்சு பின்னால ஏத்துங்க. முறுக்கு விட்டுரும்."

மச்சான் இறங்கி வழி பார்க்க, அந்த வளைவிலேயே இருபது அடி ரிவர்ஸ் எடுத்தேன். நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு ராடைத் தொட்டேன், லேசாக ஆடியது. சந்தோஷத்தில் திசை தெரியாமல் தள்ளியதில் டூ வீலுக்குப் பதில் நியூட்ரலில் போய் விழுந்தது. கியரில்தானே நிற்கிறது என்று ஹேண்ட்பிரேக்கும் போடவில்லை. வண்டி மெதுவாக உருள ஆரம்பித்தது! டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் மெயின் கியர் எதில் கிடந்தாலும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே கிடையாது. பிரேக்கை மிதித்து நின்றேன், உள்ளங்கை வேர்த்துவிட்டது. மச்சான் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தான்.

நியூட்ரலிலிருந்து மறுபடி ஃபோர் வீல் வரைக்கும்தான் ராடு வந்தது, அதற்கு மேல் அடம். முழு முறுக்கும் விடவில்லை. பெரியவர் சொன்ன அடுத்த வைத்தியம் ஜாக்கி. சரிவில் ஜாக்கி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதால், கொஞ்சம் கீழே ரோடு அகலமாகச் சமமாக இருந்த இடம் வரை நகர்த்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினோம். டயர் தரையை விட்டதுதான் தாமதம், உள்ளே டொக் என்று ஒரு சத்தம், யாரும் தொடாமலே சக்கரம் கால் சுற்று தானாகச் சுற்றியது. மச்சான் பயந்து இரண்டடி பின்னால் போனான். அப்புறம் ராடு இரண்டு விரலில் டூ வீலுக்கு வந்துவிட்டது.

மீதி வளைவுகளில் ஒரு பூப்பெயரையும் அவன் படிக்கவில்லை. இருட்டுவதற்குள் மலையடிவாரத்துத் தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் வாய்திறக்காமல் வந்தோம்.

மறுநாள் சின்னமனூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் ஆகவில்லை, ராடோடு சேருகிற லிங்க்கேஜில் கிரீஸ் காய்ந்து மண் இறுகிக் கிடக்கிறது, புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது என்றார். சுத்தம் செய்து, புஷ் மாற்றி, கிரீஸ் வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் அளவையும் பார்த்துக் கொடுத்தார். செத்துப்போன விளக்கைச் சரிசெய்ய ஸ்விட்ச் வாங்கி வரச் சொன்னார். வண்டி மச்சானுடையது, அவன் இன்னும் வாங்கவில்லை.